ஆயுத பூஜை மைக்

கருப்பசாமி பேசினால் மைக்கே தேவையில்லை என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே அவன் பல வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். ஓசூர் சிப்காட்டில், லாரிக்கும் டிராக்டருக்கும் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். வருஷம் முழுக்க அவன் காக்கிச் சட்டையும் காதில் பஞ்சுமாக ஒரு டோக்கன் நம்பர்தான். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் ஆளே வேறு. அன்றைக்குத்தான் கம்பெனி கேட்டைத் திறந்து பெண்டாட்டி பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். மிஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பிரஸ் ஷாப்பின் நடுவிலேயே சின்ன மேடை போட்டு, பூஜை முடிந்ததும் தொழிலாளர் சார்பில் ஒருவர் பேசுவார். அந்த ஒருவர் கருப்பசாமி. வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, மைக்கைத் தட்டிப் பார்த்து, "கதிரவன் கிழக்கே உதிக்க, கடமை வீரர்கள் களத்திலே குதிக்க" என்று ஆரம்பித்தான் என்றால் தகரக் கூரை அதிரும். மடியில் இருக்கிற கைக்குழந்தைகள் அழ ஆரம்பிக்கும். அதையும் அவன் பேச்சின் வீரியம் என்றே கணக்கில் சேர்த்துக்கொள்வான்.

பேசி முடித்துக் கீழே இறங்கும்போது மேலதிகாரிகள் கை கொடுப்பார்கள். மனைவி பவளம் முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவன் மீதி நாளெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் நின்றான் என்று சொன்னால் மிகையில்லை.

2006-ஆம் வருஷம் அந்த நிமிஷத்துக்கு ஆபத்து வந்தது. அது வந்த வழிதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவனுடைய சொந்த மிஷினின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

பெரிய பிரஸ்ஸுக்கு இரண்டு பேர் வேண்டும். முன்னால் நிற்கிறவன் தகட்டை உள்ளே கொடுத்து அடிப்பான், சுவிட்சுகளெல்லாம் அவன் கையில். பின்னால் நிற்கிறவன் அடிபட்ட சாமானை எடுத்து அடுக்குவான், டை என்கிற அச்சில் சிக்கிய துணுக்கைத் தட்டிவிடுவான். முன்னால் கருப்பசாமி, பின்னால் மாதேஷ். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பத்து வருஷமாக, பிரஸ் மேலே ஏறும்போது தெரிகிற இடைவெளி வழியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். அந்தச் சத்தத்தில் வாயால் பேசிப் பயனில்லை என்பதால் கையாலும் உதட்டாலும் பேசப் பழகியிருந்தார்கள். வயிற்றின் மேல் கையை வளைத்தால் மேனேஜர் வருகிறார். கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. மூக்கைப் பிடித்தால் கேண்டீனில் இன்றைக்கும் அதே சாம்பார். பிரஸ் ஷாப் முழுக்க இந்தப் பாஷை ஓடும். அதில் ஒன்றே ஒன்று மட்டும் விளையாட்டில்லை. பின்னால் நிற்கிறவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறியாக வைத்தால், முன்னால் நிற்கிறவன் சிவப்புப் பொத்தானை அடித்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. யோசிக்கிற நேரத்தில் விரல் போய்விடும்.

மாதேஷுக்குச் சொந்த ஊர் கர்நாடக எல்லையில் இருக்கிற ஜூஜுவாடி. வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். மூன்றையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவான். நாலு பேர் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவன் மேல் கருப்பசாமிக்குப் பிரியம் இருந்ததில் ஆச்சரியமில்லை. பேசத் தெரியாதவர்கள் மேல் கருப்பசாமி எப்போதும் பிரியமாகத்தான் இருப்பான்.

ஆடி மாசத்தில் கம்பெனியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, பார்க்கிறவர் மனசில் எப்படிப் பதிவது என்று சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ராஜலட்சுமி மேடம் என்று ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள், ஆபரேட்டர்கள் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஆசை. கருப்பசாமி போனது கற்றுக்கொள்ள இல்லை, மேடத்துக்குக் காட்ட. முறை வந்ததும் எழுந்து ஒரு வீச்சு வீசினான். கேண்டீன் மாடியில் டியூப்லைட் நடுங்கியது.

மேடம் சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, "ரொம்ப நல்ல குரல் சார். ஆனா நீங்க பேசும்போது முன்வரிசை பின்னால சாயுது, கவனிச்சீங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மாதேஷ் சிரிக்கவில்லை. ஆனால் அவனும் சிரித்தான் என்று கருப்பசாமி அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டான்.

மாதேஷ் தன் முறை வந்ததும் எழுந்தான். பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கருப்பசாமிக்குக் குளுகுளுவென்றிருந்தது. தோளில் தட்டி, "பரவால்ல மாதேசு, எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா" என்றான்.

மறுநாள் மேடம் ஒரு உபாயம் சொன்னார். "கூட்டத்தோட பேசாதீங்க. கூட்டத்துல ஒரே ஒருத்தரப் பிடிச்சுக்குங்க. அவர்கிட்ட பேசுங்க. மத்தவங்க தானா ஒட்டுக் கேப்பாங்க." மாதேஷ் எழுந்து, யாரோ ஒருவரைப் பார்த்துக்கொண்டு, பார்டரில் பஸ் ஏறினால் கண்டக்டர் சில்லறைக்கு மூன்று பாஷையில் திட்டுவதைச் சொன்னான். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் சொன்ன விதத்தில் மாடி முழுக்கச் சிரித்தது. கடைசி வரிசையில் பர்சனல் ஆபீசர் அசோக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கருப்பசாமி முன்வரிசையைப் பார்த்தான். யாரும் பின்னால் சாயவில்லை. முன்னால் சாய்ந்திருந்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் அசோக்குமார் அவனைக் கூப்பிட்டார்.

"கருப்பசாமி, இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மாதேஷ் பேசட்டும்னு இருக்கோம். ஒரு சேஞ்சுக்கு. நீங்க சீனியர், தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"இதுல என்ன சார் இருக்கு. நம்ம மாதேசுதான" என்றான் கருப்பசாமி. சொல்லிவிட்டு டாய்லெட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான்.

வீட்டில் வந்து பவளத்திடம் கொட்டினான். ஒரு வார்த்தையைக் கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனுக்கு மைக்கா, தமிழில் ஒரு எதுகை மோனை உண்டா அவன் பேச்சில், 'பூஜை'யை 'பூஜே' என்கிறவன் தொழிலாளர் சார்பில் பேசுவதா என்று அரை மணி நேரம் பேசினான். பவளம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஒரு வருசம் வேற ஆளு பேசுனா என்ன கெட்டுப்போச்சு? நானும் அன்னைக்கு ஒரு நாள் நிம்மதியா ஒக்காந்து முறுக்குத் திங்கலாம்."

"அப்ப நான் பேசுறப்ப நீ நிம்மதியா இல்லயா?"

"நீங்க எங்க பேசுதீக. மேல வந்து விழுதீக."

அன்றைக்கு இரவு அவன் சாப்பிடவில்லை. பவளம் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை மூடி வைத்தாள்.

மாதேஷ் ஒன்றும் அறியாதவனாக வந்து நின்றான். அதுதான் இன்னும் எரிச்சல். டீ நேரத்தில் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, எனக்கு இப்பவே வயிறு கலக்குது. இன்னாத்துக்கு நம்மள மாட்டி உட்டாங்கன்னே தெரியல. நீ எப்பிடிண்ணா பயப்படாம பேசற? எதனா சொல்லிக்குடேன்" என்றான்.

கருப்பசாமி டீயை ஊதி ஊதிக் குடித்தான். பிறகு சொன்னான்.

"ஒருத்தர் மூஞ்சியயும் பாத்துராத. பாத்தா பயம் வந்துரும். மேல கிரேன் இருக்குல்ல, அதையே பாரு. அந்தம்மா சொன்னதெல்லாம் ரூமுக்குள்ள சரி, மேடைக்கு ஆகாது. பேச்ச ஒரு எழுத்து விடாம மனப்பாடம் பண்ணிக்கிடு. பாத்துக்கிடு, கிரேன்."

"நீ சொன்னா சரிதாண்ணா" என்றான் மாதேஷ். அவன் அதை அப்படியே நம்பியதில் கருப்பசாமிக்கு ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. ஒரு நிமிஷம்தான்.

மறுநாளிலிருந்து மாதேஷ் மிஷினுக்குப் பின்னால் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது, கூச்சப்படாமல் பேசிப் பழகலாம் என்று நினைத்தான் போலும். ஆனால் எதிரே நிற்கிறவன் பத்து வருஷமாக அந்த உதட்டைப் படித்தவன். பிரஸ் ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் இடைவெளி வழியாக மாதேஷின் வாய் தெரிந்தது. கருப்பசாமி தகட்டைக் கொடுத்துக்கொண்டே அவ்வளவையும் படித்தான். படிக்கப் படிக்க அவனுக்கு உடம்பு எரிந்தது. பேச்சு நன்றாக இருந்தது. அதுதான் விஷயம். 'கடமை வீரர்கள்' இல்லை, 'கதிரவன்' இல்லை. சட்டையில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி எந்த சோப்பைத் தூக்கி எறிகிறாள் என்பது இருந்தது. காது கொஞ்சம் மந்தமான பிரஸ் ஷாப்காரன் வீட்டில் டீவியை எவ்வளவு சத்தமாக வைக்கிறான் என்பது இருந்தது. கருப்பசாமிக்கே ஒரு இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

கடைசிப் பகுதியை மட்டும் மாதேஷ் எதிரே நின்று சொல்லவில்லை. அந்த இடம் வந்தால் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தினமும் அப்படித்தான். முதுகும் அசைகிற பின்னந்தலையும் மட்டும் தெரியும். கருப்பசாமிக்குத் தூக்கம் போனது இதில்தான். நம்மைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறான், இல்லையென்றால் ஏன் மறைக்க வேண்டும், முன்வரிசை சாய்ந்த கதையை எல்லார் முன்னாலும் எடுத்துவிடப் போகிறான், பவளம் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அவன் மனசு தானாகவே ஒரு பேச்சை எழுதிக்கொண்டது. அந்தப் பேச்சில் மாதேஷ் படு மோசமானவனாக இருந்தான்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி வாசலிலேயே வெண்பூசணி உடைத்துக் குங்குமம் சிதறிக் கிடந்தது. பிரஸ் ஷாப் பூராவும் சாமந்தி வாசனையும் கற்பூரமும். குழந்தைகள் பொரி டப்பாவோடு ஓடின. பெரிய பிரஸ்ஸுக்குக் கருப்பசாமியே ரோஜா மாலை போட்டான், அதற்கு நேர் எதிரில் மேடை. பவளம் முன்வரிசையில், கையில் முறுக்கோடு.

ஒவ்வொரு வருஷமும் பேச்சு முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. பெரிய பிரஸ்ஸின் டையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து ஒரே ஒரு அடி அடிப்பார்கள். நல்ல நேரத்துக்குள் அந்த அடி விழுந்துவிட வேண்டும், அப்போதுதான் வருஷம் முழுக்க மிஷின் ஒழுங்காக ஓடும், ரத்தம் கேட்காது என்று நம்பிக்கை. அடிக்கிற உரிமை முன்னால் நிற்கிற ஆபரேட்டருக்கு. அதனால் கருப்பசாமி பேச்சு கேட்க உட்காரவில்லை, எலுமிச்சம்பழத்தோடு மிஷின் பக்கத்திலேயே நின்றான். யாருக்கும் அதில் தப்பாகத் தெரியவில்லை.

மாதேஷ் மேடை ஏறினான். புதுச் சட்டையில் மடிப்புக் கோடு அழியாமல் இருந்தது. மைக்கைப் பிடித்தான். அண்ணாந்து கிரேனைப் பார்த்தான்.

"பெரியோர்களே... தாய்மார்களே..." என்றான். நிறுத்தினான். மறுபடியும் "பெரியோர்களே" என்றான். கூட்டமும் அண்ணாந்து பார்த்தது, மேலே என்ன இருக்கிறது என்று. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாதேஷின் கழுத்தில் வியர்வை இறங்குவது மிஷின் பக்கத்திலிருந்தே தெரிந்தது. கருப்பசாமிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. போதும் சாமி, இறக்கிவிடு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

அப்போது மாதேஷ் தலையைக் கீழே இறக்கினான். கூட்டத்தில் இங்கும் அங்கும் தேடினான். கண் கருப்பசாமியிடம் வந்து நின்றது. பத்து வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் தோள் தளர்ந்தது.

"சாப்ட்டாச்சா?" என்று கேட்டான். ஏதோ ஷிப்ட் மாறும்போது கேட்பது போல. பிறகு கன்னடக்காரர்கள் பக்கம் திரும்பி "ஊட்டா ஆய்தா?" என்றான், தெலுங்குக்காரர்களிடம் "தின்னாரா?" என்றான். "யாரும் சாப்புட்டு இருக்க மாட்டீங்க. ஸ்வீட் பாக்ஸ் நான் பேசி முடிச்சாத்தான் குடுப்பாங்களாம்."

கூட்டம் சிரித்தது. அதோடு அவன் கருப்பசாமியின் முகத்தை விடவே இல்லை. அவனிடம் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு போனான். சோப்புக் கதை வந்தது, டீவிக் கதை வந்தது. பெண்களெல்லாம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கருப்பசாமிக்கோ அந்தப் பார்வை ஊசி மாதிரி குத்தியது. என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க வைக்கிறான், பாவி, குறி வைத்து அடிக்கிறான் என்று நினைத்தான்.

அவன் பவளத்தைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. பவளம் முறுக்கை மடியில் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவன் அந்த மேடையில் நின்று அவள் முகத்தில் தேடியது அதைத்தான். அது அவனுக்குக் கிடைத்ததே இல்லை.

அடுத்தது சுவரைப் பார்த்துச் சொன்ன பகுதி. மாதேஷ் தொண்டையைச் செருமினான். "கடைசியா ஒண்ணு சொல்லணும்..."

கருப்பசாமி எலுமிச்சம்பழத்தை டையில் வைத்தான். மோட்டாரைப் போட்டான். ஒற்றை அடிக்கு இருக்க வேண்டிய சாவியைத் தொடர் அடிக்குத் திருப்பினான். யாராவது கேட்டால் நல்ல நேரம் முடியப் போகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் அடியிலேயே எலுமிச்சம்பழம் சிதறியது. அதற்குப் பிறகு மிஷின் நிற்கவில்லை. தடால், தடால், தடால் என்று வெறும் டையில் அடித்தது. மாலையிலிருந்து ரோஜா இதழ் உதிர்ந்தது. தகரக் கூரை அதிர்ந்தது, கைக்குழந்தைகள் வீறிட்டன. மாதேஷின் வாய் அசைந்தது, மைக் இருந்தும் ஒரு எழுத்து கேட்கவில்லை. கருப்பசாமி நிமிர்ந்து நின்றான். இப்போது பேசு பார்ப்போம்.

மாதேஷ் கொஞ்சம் திகைத்தான். மிஷினைப் பார்த்தான், கருப்பசாமியைப் பார்த்தான். பிறகு மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டான்.

முதலில் வயிற்றின் மேல் கையை வளைத்தான். பிரஸ் ஷாப் ஆட்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தார்கள், அப்புறம் குபீரென்று சிரித்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கேண்டீன் பக்கம் காட்டினான். சமையல்காரரே சிரித்துவிட்டார். பெண்டாட்டிமார்கள் புருஷன்மார்களின் காதில் கத்தி என்ன என்ன என்று கேட்டார்கள். புருஷன்மார்கள் கையைக் காட்டி விளக்கினார்கள். இத்தனை வருஷமாக வீட்டுக்குச் சொல்லாத ஒரு பாஷை அன்றைக்கு வரிசை வரிசையாகப் பரவியது. பிள்ளைகள் கட்டை விரலை வாயருகே கொண்டுபோய் ஒருவருக்கொருவர் டீ கேட்டன. பவளம் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானும் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

கருப்பசாமி மூடின வாயை அவனுடைய மிஷினே திறந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மாதேஷ் அவனை நேராகப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறியாக வைத்தான்.

கருப்பசாமி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அங்கே நின்றிருக்க மாட்டான், மாலைக்குப் பின்னால் நழுவியிருப்பான், சாவி கெட்டுப்போனது என்று கத்தியிருப்பான். அவன் கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தது.

மிஷின் நின்றது. பிரஸ் ஷாப்பில் ஒரு நாளும் கேட்காத அமைதி. எல்லார் கண்ணும் கருப்பசாமியின் கை மேல் இருந்தது. கை பொத்தான் மேலேயே இருந்தது. அசோக்குமார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பவளத்தின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

மாதேஷ் கையை இறக்கினான். மைக்கை எடுத்தான்.

"பாத்தீங்களா" என்றான், சாதாரணமாக. "நான் கைய இப்பிடி வெச்சா, எந்த வேலையில இருந்தாலும் எதுக்குன்னு கேக்காம நிப்பாட்டற ஆளு அவரு ஒருத்தருதான். எங்க கருப்பண்ணன். பத்து வருசமா இப்பிடித்தான் நிப்பாட்டிக்கினு இருக்காரு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "எண்ணிப் பாத்துக்கோங்க. எல்லா விரலும் இருக்குது. இத உங்களுக்குக் காட்டணும்னுதான்."

கைதட்டல் வந்தது பாருங்கள், கருப்பசாமி தன் வாழ்நாளில் கேட்காத கைதட்டல். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பிரஸ் ஷாப் பெண்டாட்டிமார் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், தங்கள் புருஷன் விரலை அப்போதுதான் எண்ணினவர்கள் மாதிரி. எல்லாரும் கருப்பசாமியைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். வேறு என்ன செய்வது?

அசோக்குமார் மேடைக்கு ஓடிவந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "அருமை, அருமை. முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்க, என்கிட்ட மட்டும் சொல்லல. இந்த ஐட்டம் இனிமே வருஷா வருஷம் உண்டு. மைக்ல மாதேஷ், மிஷின்ல கருப்பசாமி. அப்படியே ஃபிக்ஸ் பண்ணிடலாம்" என்றார். எம்.டி. தலையாட்டினார். ஸ்வீட் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பவளம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேருந்து நிலையம் தாண்டினதும், "நெசமாவே பேசி வச்சுத்தான் செஞ்சீகளா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் கருப்பசாமி.

அவள் மடியில் இருந்த பாக்ஸைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை வீடு வரை கையிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

லீவு முடிந்து வேலை தொடங்கிய அன்று பிரஸ்ஸில் ரோஜா நாரும் காய்ந்த எலுமிச்சை விதையும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மிஷின் ஓடத் தொடங்கியதும் கருப்பசாமி தலையைக் குனிந்துகொண்டு தகட்டைக் கொடுத்தான். நிமிர்ந்தால் அந்த முகம். எவ்வளவு நேரம் குனிந்தே வேலை செய்ய முடியும்? நிமிர்ந்தான்.

மாதேஷ் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி, சாவி திருப்புவது போல விரலைத் திருப்பிக் காட்டி, பிறகு அவனைச் சுட்டிக் காட்டிப் புருவத்தைத் தூக்கினான். வேணும்னுதானே?

வாயால் கேட்டிருந்தால் நல்ல நேரம், ராகு காலம் என்று கருப்பசாமி கால் மணி நேரம் பேசியிருப்பான். அவர்களுடைய கைப் பாஷையில் அதற்கெல்லாம் வழி வைத்திருக்கவில்லை. தலையை ஆட்டினான். ஆமாம்.

மாதேஷ் ஒரு சாமானை எடுத்து அடுக்கினான். இன்னொன்றை எடுத்து அடுக்கினான். கோபித்துக்கொள்வான் என்று கருப்பசாமி எதிர்பார்த்தான். கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. மாதேஷ் கட்டை விரலை வாயருகே கொண்டுபோனான். டீ நேரத்தில் பார்க்கலாம். இவனும் சின்னப் புத்திக்காரனாக இருந்தால் தேவலை, இந்த இடத்தில்கூட அவனே நல்ல பேர் வாங்கிக்கொள்கிறானே என்று கருப்பசாமிக்கு அப்போதும் ஒரு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலைக் கண்டு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பின்னால் இருந்த சுவரைக் காட்டினான். வாயருகே விரல்களைக் குவித்து விரித்தான். சுவத்தப் பாத்து என்ன சொல்லிக்கிட்டு இருந்த?

மாதேஷ் வேண்டாம் என்று கையை வீசினான். கருப்பசாமி விடவில்லை, மறுபடியும் கேட்டான். பிரஸ் ஏறி இறங்கியது. மாதேஷுக்குப் பழைய கூச்சம் வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்து, பிறகு திரும்பாமல், அவன் முகத்துக்கு நேராகவே நின்று உதட்டை மெதுவாக அசைத்துச் சொன்னான். ஒவ்வொரு தடவை பிரஸ் மேலே ஏறும்போதும் ஒரு துண்டாகக் கருப்பசாமி அதைப் படித்தான்.

"எனக்கு இது பழக்கமில்ல."

பிரஸ் இறங்கியது, ஏறியது.

"இந்த ஒரு வருசம்தான்."

இறங்கியது, ஏறியது.

"அடுத்த வருசம் மைக்க எங்க அண்ணனுக்கே குடுத்துருங்க."

கருப்பசாமி அடுத்த தகட்டை எடுத்து உள்ளே கொடுத்தான்.